எருமேலியா, சத்திரமா, பம்பையா?

சபரிமலைக்கு மாலை போட்ட முதல் வாரத்திலேயே, எந்த வழியில் நடப்பது என்ற இந்தப் பேச்சு எங்கள் குழுவில் எழுந்துவிடும். எங்களுக்குக் கம்பம் பக்கம். குமுளி மலையேறி இறங்கினால் வண்டிப்பெரியாறு, அங்கிருந்து ஜீப்பில் சத்திரம். கிட்டத்தில் இருக்கும் வழி அதுதான் என்று இளைஞர்கள் அதையே கேட்பார்கள். பெரியவர்கள் எருமேலியை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். முதல் முறை மாலை போட்ட கன்னிசாமிகளோ, “எது சாமி ரொம்பக் கஷ்டம்?” என்று ஆளாளுக்கு விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.

எருமேலி, சத்திரம், பம்பை என்று மூன்று வழியிலும் நடந்திருக்கிறேன். கஷ்டத்தை அளந்து வழியைத் தேர்ந்தெடுத்தால் தவறிப்போகும் என்பது என் அனுபவம். நடுவழியில் ஒருவருக்குக் கால் நின்றுவிட்டால் அங்கே உட்கார முடியுமா, இரவு படுக்க முடியுமா, வந்த வழியே திரும்ப முடியுமா? இதைக் கேட்டுப் பார்த்தால் மூன்று வழிகளும் வேறு வேறு முகம் காட்டும்.

பெருவழி எருமேலியில் தொடங்குகிறது. ஐயப்பன் கோயில் இருக்கும் சந்நிதானம் வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். உடம்பெல்லாம் வண்ணம் பூசி, பேட்டை சாஸ்தாவைக் கும்பிட்டு, ஆடிப்பாடிப் பேட்டை துள்ளி, வாவர் பள்ளிவாசலை வலம் வந்துவிட்டு நடையைக் கட்டுவார்கள். பேரூர்த் தோட்டில் மீன்களுக்குப் பொரி போட்டு, காளைகட்டியைத் தாண்டி அழுதா நதிக்கரை வரும் வரை ஊரும் தோட்டமும் ரோடும் கூடவே வரும். இந்தப் பகுதியில் யாருக்கும் பயமில்லை. முடியாதவர் ஒரு வண்டியைப் பிடித்து முன்னால் போய்க் காத்திருக்கலாம். பேட்டை துள்ளிய பின் காளைகட்டி வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து நடக்கும் குழுக்கள் உண்டு. அதில் குறை காண எனக்கு மனமில்லை. தார் ரோட்டு வெயிலில் வெறுங்காலைப் புண்ணாக்கிக்கொண்டு கரிமலைக்குப் போவதைவிட அது நல்லது.

அழுதையில் முங்கி ஒரு கல்லை எடுத்துக்கொண்டால் காடு தொடங்கிவிடும். பம்பை வரை சுமார் 18 கிலோமீட்டர், எல்லாம் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள். அழுதமேட்டு ஏற்றத்திலேயே மூச்சு வாங்கும். எடுத்துவந்த கல்லைக் கல்லிடும் குன்றில் போட்டுவிட்டு இஞ்சிப்பாறைக்கோட்டை, முக்குழி என்று போனால் கரிமலை எதிரே நிற்கும். அந்த ஏற்றத்தில் யாரும் அதிகம் பேசமாட்டார்கள். சரணம் மட்டும் கேட்கும். வேர்கள் படிக்கட்டாக இருக்கும். மழை பெய்திருந்தால் அந்தக் களிமண் சோப்பாகிவிடும். ஏறியவன் வென்றுவிட்டதாக நினைப்பான், ஆனால் முழங்காலைத் தின்பது கரிமலை இறக்கம்தான். தலையில் இருமுடி, ஒரு கை அதைப் பிடித்திருக்கும். மிச்சமிருக்கும் ஒரு கையும் பத்துக் கால்விரல்களும்தான் நமக்குத் துணை.

இவ்வளவு கடினமான வழியை ஏன் பெரியவர்கள் பாதுகாப்பானது என்கிறார்கள் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. காரணம் தாவளங்கள், அதாவது வழியில் தங்குமிடங்கள். விரி என்னும் தற்காலிகக் கொட்டகை போட்டுத் தங்கப் பெருவழியில் இடங்கள் இருக்கின்றன. கரிமலை உச்சியிலும் தங்குகிறார்கள், கீழே பெரியானை வட்டம், சிறியானை வட்டத்திலும் தங்குகிறார்கள். கால் வீங்கியவர் ஒரு ராத்திரி ஆழி நெருப்பின் பக்கத்தில் படுத்து எழுந்து, மறுநாள் மெல்ல இறங்கலாம். இரண்டு நாளில் முடிவதை மூன்று நாளாக்கினால் ஒன்றும் குடி முழுகிப்போகாது. பெருவழியின் கருணை அந்த மூன்றாவது நாளில் இருக்கிறது. அவசரப்பட்டு லீவு போட்டு வருகிறவர்கள் அதைத்தான் தொலைத்துவிடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. அழுதைக்குப் பிற்பகலுக்கு மேல் வந்து சேர்ந்தால் காட்டுக்குள் விட மாட்டார்கள். விட்டாலும் போகக் கூடாது. யானை நடமாடும் இடம் அது.

சத்திரம், புல்மேடு வழியின் கணக்கே வேறு. சந்நிதானத்துக்கு 12 கிலோமீட்டர்தான். காகிதத்தில் பார்த்தால் பெருவழியில் கால் பங்கு. அழகில் இதற்கு ஈடு கிடையாது. சோலைக்காட்டைத் தாண்டி மேட்டுக்கு வந்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் புல். மூடுபனி விலகும்போது மலை மடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். நான் நடந்ததிலேயே மனம் நிறைந்த காலைப்பொழுது அங்கே வாய்த்ததுதான்.

ஆனால் அந்த வழியில் இரவு இல்லை. காலையில் வாயில் திறந்து மதிய வாக்கில் மூடிவிடுவார்கள். கடைசிக் குழுவின் பின்னால் வனத்துறை ஊழியர்கள் நடந்து வருவார்கள். உள்ளே போனவர் அன்று சாயங்காலத்துக்குள் மறுபக்கம் வந்தே தீர வேண்டும். தங்க இடமில்லை, நடுவில் ரோடும் இல்லை. முடியாமல் உட்கார்ந்தவரை ஆட்கள் தூக்கித்தான் கொண்டுவர வேண்டும்.

அதோடு, இந்த வழியின் வலி கடைசியில் வருகிறது. புல்மேட்டிலிருந்து சந்நிதானம் வரையிலான சுமார் 6 கிலோமீட்டரும் பெரும்பாலும் இறக்கம். என் மைத்துனர் நாற்பது வயதுக்காரர், தினமும் தோட்ட வேலை செய்து உரமேறிய உடம்பு. புல்மேடு வரை எங்களுக்கு முன்னால் நடந்தார். பிறகு இறக்கத்தில் வலது முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. வீட்டில் மச்சான் என்று கூப்பிடுகிறவரை மாலை போட்ட பின் சாமி என்றுதானே அழைக்கிறோம். “சாமி, நீங்கள் போங்கள், நான் மெல்ல வருகிறேன்” என்றார். எங்கே மெல்ல வருவது? மணி மூன்று. மரங்களுக்குள் அதற்குள்ளாகவே இருட்டு இறங்கிக்கொண்டிருந்தது. அவருடைய இருமுடியை நான் கையில் வாங்கிக்கொள்ள, இரண்டு பேர் தோள் கொடுக்க, பக்கவாட்டில் கால் வைத்து வைத்து இறக்கிக் கொண்டுவந்தோம். இரண்டு மணி நேர வழிக்கு நான்கரை மணி நேரம் ஆனது. தாவளம் ஒன்று இருந்திருந்தால் அவரை அங்கே படுக்க வைத்திருப்போம்.

மகரவிளக்கு அன்று புல்மேட்டுக்குப் போவதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 2011 ஜனவரி 14 அன்று ஜோதி பார்த்துவிட்டுத் திரும்பிய கூட்டம் அங்கே நெரிசலில் சிக்கி 102 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் நம் தமிழ்நாட்டவர். இப்போது கட்டுப்பாடுகள் கூடியிருக்கின்றன. ஆனாலும் அந்த நாளில் அந்த வழியே குழந்தைகளை அழைத்துப் போக நான் சம்மதிக்க மாட்டேன். கார்த்திகை நடுவில், மழை விட்ட ஒரு வார நாளில் போனால் அதே மேடு முற்றிலும் வேறு இடம்.

கன்னிசாமிகளுக்கு இன்னொரு விஷயம். சத்திரம் வழியே வருகிறவர் பாண்டித்தாவளத்தின் பக்கம் இறங்குகிறார். பாண்டி நாட்டார் தங்கிய இடம் என்று பெயரே சொல்கிறது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே ஒரு சொந்தம். ஆனால் பம்பைக் குளியல், பம்பா கணபதி, அப்பாச்சிமேட்டில் அரிசி உருண்டை எறிவது, கன்னிசாமிகள் சரக்கோல் குத்தும் சரங்குத்தி எல்லாமே மறுபக்கத்தில் இருக்கின்றன. சரம் குத்தாத கன்னிசாமிக்கு மனக்குறை வரும். சரங்குத்தியில் சரம் இல்லாத, அதாவது கன்னிசாமி வராத வருடத்தில்தானே, காத்திருக்கும் மாளிகைப்புறத்தம்மனுக்கு ஐயப்பனோடு கல்யாணம் என்பது கதை. அதனால் முதல் வருடத்துக்கு இந்த வழி வேண்டாம் என்பேன். போயே ஆக வேண்டுமென்றால், சந்நிதானத்திலிருந்து சரங்குத்திக்கு நடந்து போய்ச் சரம் குத்திவிட்டு வரவும் நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

இனி சிறுவழி. பம்பையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர். இதை நடையாகவே மதிக்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. எழுபது வயது மாளிகைப்புறம் (மாலை போட்ட பெண்களை அப்படித்தான் அழைக்கிறோம்) ஒருவர் நீலிமலையில் பத்தடிக்கு ஒரு முறை நின்று, சரணம் சொல்லி, மறுபடி அடி எடுத்து வைப்பதைப் பார்த்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள்.

இதற்குள்ளும் இரண்டு வழி உண்டு. நீலிமலை, அப்பாச்சிமேடு, சபரிபீடம் என்று செங்குத்தாக ஏறுவது பழைய வழி. சுவாமி ஐயப்பன் ரோடு சுற்றிக்கொண்டு போகும், ஏற்றம் இதமாக இருக்கும். இரண்டும் மரக்கூட்டத்தில் சேர்ந்துவிடுகின்றன. இருதய நோய், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் வீம்பு பார்க்காமல் ரோட்டில் போக வேண்டும். நீலிமலையிலும் அப்பாச்சிமேட்டிலும் இருதய சிகிச்சை மையங்கள் வைத்திருப்பது சும்மா இல்லை. நெஞ்சு படபடத்தால் உட்காரவும், ஆக்ஸிஜன் வாங்கவும், திரும்பி இறங்கவும் வசதி அதிகம் உள்ள வழி இதுதான். இதன் சோதனை நடையில் இல்லை, வரிசையில் இருக்கிறது. இரண்டு மூன்று மணி நேரத்தில் ஏறிவிடுகிறவர், கூட்ட நாளில் மரக்கூட்டத்துக்கு மேல் அதைப்போல் பல மடங்கு நேரம் நிற்க நேரும். சர்க்கரை நோய்க்காரர்கள் மாத்திரையையும் சாப்பிட ஏதாவதையும் இருமுடியில் வைக்காமல் தோள்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் குழுவுக்கு இந்த வருடம் நான் சொன்னது இதுதான். இரண்டு கன்னிசாமிகளும் காளைகட்டியிலிருந்து பெருவழி, மூன்று நாள், குருசாமியோடு. சத்திரம் வழியே கேட்ட இளைஞர்கள் நான்கு பேர், வார நாளில், வாயில் திறக்கும் நேரத்துக்கே அங்கே நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. என் அம்மாவும் மைத்துனரும் பம்பையிலிருந்து, சுவாமி ஐயப்பன் ரோட்டில். அவர்களோடு நான். செல்போன் கிடைக்கும் என்று நம்பாமல், பெரிய நடைப்பந்தலின் முகப்பில் எல்லோரும் கூடி, அங்கிருந்து ஒன்றாகப் படியேறுவது என்று பேசி வைத்திருக்கிறோம். முதலில் வந்து சேர்கிறவர்கள் மற்றவர்கள் வரும்வரை இருமுடியோடு அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.