நேபாளத்தில் தன்னார்வ ஆசிரியரின் முதல் மாதம்: குடும்பத்தோடு தங்குவதா, தனி அறை எடுப்பதா?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று பாலக்காட்டு எல்லையோர ஊர்களில் தமிழ்வழியில் படித்து, நேபாள மலைக் கிராமமொன்றில் ஊதியமின்றி ஆங்கிலம் கற்பிக்கப் புறப்படும் இளைஞருக்குப் பயணம் பெரிய சிக்கலாக இராது. பாலக்காடு வழியாகச் செல்லும் ரப்திசாகர் விரைவு வண்டியில் கோரக்பூர் வரை போய், பேருந்தில் சுனௌலி எல்லையை அடையலாம். இந்தியக் குடிமக்களுக்கு விசா தேவையில்லை, கடவுச்சீட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ போதும். உண்மையில் யோசிக்க வேண்டியது, முதல் மாதத்தில் எங்கே தங்குவது என்பதைத்தான்.

தனி அறையின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. கடைத்தெருவை ஒட்டி ஓர் அறை எடுத்துக்கொண்டால் நம் நேரத்துக்குச் சமைக்கலாம், இரவில் விளக்கெரிய அடுத்த நாள் பாடத்தைத் தயாரிக்கலாம், பேச மனமில்லாத நாளில் கதவைச் சாத்திக்கொள்ளலாம். ஆனால் எரிவாயு உருளைக்கு அலைவதும், பொதுக் குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்குக் காத்திருப்பதும், ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் மண் சரியும் பாதையில் பள்ளிக்கு ஏறி இறங்குவதும் புதியவரின் பாதித் தெம்பைக் கரைத்துவிடும். அதைவிடப் பெரிய இழப்பு, மாலை நான்கு மணிக்குப் பள்ளி விட்ட பிறகு மறுநாள் காலை வரை ஒரு நேபாளிச் சொல்கூடக் காதில் விழாமல் போவதாகும்.

குடும்பத்தோடு தங்குவதில் வசதி குறைவு என்பதை மறைக்க வேண்டியதில்லை. பள்ளிக்குப் புறப்படும் முன் காலை ஒன்பது மணியளவில் ஒருமுறை, இரவில் ஒருமுறை என்று சோறும் பருப்பும் கீரையுமாகத் தால்பாத் வரும். நடுப்பகலில் அவலோ தேநீரோதான். எச்சில் பார்க்கும் வழக்கம் அங்கே கண்டிப்பானது. சில வீடுகளில் வெளியார் அடுப்படிக்குள் நுழையக் கூடாது. நம் பாட்டிமார் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பொன்றும் இராது என்றாலும், கேட்டுத் தெரிந்துகொண்டு நடப்பதே மரியாதை. இவற்றுக்கெல்லாம் ஈடாகக் கிடைப்பது மொழி. சோறு போதும் என்று சொல்லவும், மழை வருமா என்று கேட்கவும், வீட்டுப் பிள்ளை தன் பாடப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போது அது எந்த இடத்தில் திணறுகிறது என்று கண்டுகொள்ளவும் அந்த வீட்டுத் திண்ணையே பழக்கிவிடுகிறது; அப்படிப் பழகியவர் வகுப்பில் நிற்கும்போது, பாடம் புரியாத பிள்ளையின் முகபாவம் எது, வெட்கத்தால் வரும் மௌனம் எது என்று பிரித்தறிகிறார். வீட்டில் தமிழும் கடையிலும் அலுவலகத்திலும் மலையாளமுமாக வளர்ந்த நம் பக்கத்துப் பிள்ளைகள், பக்கத்து வீட்டாரோடு பழகித்தான் மலையாளம் பேசக் கற்றார்கள். நேபாளியும் அவ்வழியே விரைவில் வரும் என்று உறுதியாக நம்புகிறேன். நேபாளத்தில் புழங்கும் விக்ரம நாட்காட்டியும் அப்படித்தான் பழகும். ஆங்கில ஆண்டுக் கணக்கைவிட ஏறத்தாழ 57 ஆண்டுகள் முன்னே ஓடும் அதன் புத்தாண்டு விஷுவை ஒட்டியே வருகிறது. பள்ளி ஆண்டும் அப்போதுதான் தொடங்குகிறது.

ஆகவே நான் குடும்பத்தின் பக்கமே நிற்கிறேன், ஆனால் எந்தக் குடும்பம் என்பதில் கவனம் வேண்டும். தலைமையாசிரியர் தம் வீட்டுக்கே அழைப்பார். அன்போடு அழைப்பதால் மறுப்பதும் கடினம். இருந்தாலும் அங்கே தங்கினால் பெற்றோர்கள் ஆசிரியரிடம் மனம் திறந்து பேசத் தயங்குவார்கள், சக ஆசிரியர்களும் ஓர் அடி தள்ளியே நிற்பார்கள். அதே பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் உள்ள ஒரு விவசாயி வீடு கிடைத்தால் அதுவே மேல். மாதத் தொகையை முதல் நாளிலேயே நேபாள ரூபாயில் பேசி முடிவுசெய்துகொள்வது இருவருக்கும் நல்லது. நம் 100 ரூபாய் அங்கே 160 என்ற நிலையான மதிப்பு இருப்பதால் கணக்கு எளிது.

நீரிழிவு உள்ளவர்களுக்கும் தம்பதியாகச் செல்பவர்களுக்கும் மட்டும் வேறு யோசனை சொல்வேன். இருவேளையும் தட்டு நிறையச் சோறு வரும் வீட்டில் அளவோடு உண்பது, உபசரிப்பவரை நாள்தோறும் வருத்துவதாகிவிடும். தம்பதியருக்கு ஒரே அறையை ஒதுக்கித் தர எல்லா வீட்டாலும் இயலாது. இவர்கள் பள்ளிக்கு நடந்து செல்லும் தொலைவில் அறை எடுத்துக்கொண்டு, இரவு உணவை மட்டும் வாரத்தில் சில நாட்கள் ஏதேனும் ஒரு குடும்பத்தோடு உண்ண முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம்.