பழைய வைர மோதிரத்தை நிச்சயதார்த்தத்திற்குத் தேர்ந்தெடுத்தேன்: ஆறு ஆண்டு அனுபவம்

2019-ஆம் ஆண்டு ஆவணியில் நிச்சயதார்த்தத்தன்று என் விரலில் ஏறிய மோதிரம், எனக்கு முன்பே யாரோ ஒருவர் பல்லாண்டு அணிந்து கழற்றியது. பழைய மோதிரம்தான் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டவளும் நான்தான். சமையல், அலுவலகம், பேருந்துக் கம்பி என்று அன்றாடம் அதனுடன் ஆறு ஆண்டுகள் கழிந்துவிட்டன. வாங்கும்போது எதைப் பார்த்திருக்க வேண்டும், எதைப் பார்த்து நேரத்தை வீணாக்கினேன் என்று இப்போது ஓரளவு தெளிவாகச் சொல்ல முடியும்.

முதல் தடுமாற்றம் சொல்லிலேயே ஏற்பட்டது. தியாகராய நகரில் ‘ஆன்டிக்’ என்று கேட்டால், நகாசு வேலை செய்து மெருகை மங்கவைத்த புத்தம்புது நகைகளை எடுத்து வைக்கிறார்கள். அது ஏமாற்று வேலை அன்று. நம் கடைகளில் அந்தச் சொல் ஒரு வகை மெருகைக் குறிக்கிறதே தவிர வயதைக் குறிப்பதில்லை. ‘பழைய நகை’ என்றாலோ, நாம் விற்க வந்திருக்கிறோம் என்று எண்ணித் தராசை இழுக்கிறார்கள். கடைசியில், குடும்பங்களிலிருந்து வரும் பழைய நகைகளை உருக்காமல் விற்கும் ஒரு சிறு கடை சௌகார்பேட்டையில் இருப்பது உறவினர் ஒருவர் மூலம் தெரியவந்தது.

அங்கே நாங்கள் எடுத்தது 60 சென்ட் எடையுள்ள வைரம் பதித்த ஒற்றைக் கல் மோதிரம் (வைரத்திற்கு நூறு சென்ட் ஒரு காரட்). மொத்த எடை 3 கிராமுக்குச் சற்று மேல். விலை 1,20,000 ரூபாய். செய்கூலி, சேதாரம் என்ற பேச்சே இல்லை. அது சலுகையும் இல்லை, ஏனென்றால் விலை கிராம் கணக்கில் வரவில்லை. கடைக்காரர் சொன்னதுதான் விலை. கடைக்காரர் இதற்கு நூற்று இருபத்தைந்து வயது என்றார். வளையத்தின் உட்புறத்தில் 15 என்றும் .625 என்றும் பொறித்திருந்தது, அதாவது 15 காரட், 62.5 விழுக்காடு தங்கம். பக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத் தங்கத் தரச் சோதனைச் சாலையின் அடையாளமான நங்கூரம். ஆண்டைக் காட்டும் எழுத்து மட்டும் பாதி தேய்ந்திருந்தது. இங்கிலாந்தில் 15 காரட் தரம் 1854-இல் அனுமதிக்கப்பட்டு 1932-இல் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக 14 காரட் வந்தது. ஆகவே மோதிரம் அந்த இடைவெளியில் செய்யப்பட்டது என்பது வரை நம்பலாம். மீதி கடைக்காரரின் வாய்ச்சொல். வயதுக்கென்று தனி விலை கொடுக்கும் முன் இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

இன்று வாங்குவோருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 2021 ஜூன் முதல் படிப்படியாக ஹால்மார்க் கட்டாயமாகிவிட்டது. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பட்டியலில் 14, 18, 20, 22 எல்லாம் உள்ளன, 15 இல்லை. எந்தத் தரம் என்று எழுதி ரசீது தருவார்கள் என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

வீட்டில் மோதிரத்தைக் காட்டியபோது என் மாமியார் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது தங்கமா செம்பா? கல்லு நடுவுல ஓட்டை வேற இருக்கே!” என்றார். இரண்டு கேள்விக்கும் காரணம் இருந்தது. 22 காரட் வளையலின் அருகில் வைத்தால் 15 காரட் தங்கம் செம்மை தட்டித்தான் தெரியும். ஓட்டை என்று அவர் கண்டது ஓட்டை அன்று. அக்காலத்தில் வைரத்தின் அடி முனையைக் கூராக விடாமல் சிறு தட்டையாகத் தீட்டுவார்கள், மேலிருந்து பார்த்தால் அது வட்டப்புள்ளியாகத் தெரியும். மேல் முகம் சிறுத்து, உச்சி உயர்ந்து, ஓரம் முழு வட்டமாக இல்லாமல் இருப்பதும் அந்தக் கைவெட்டின் இயல்பே. பெல்ஜியப் பொறியாளர் மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919-இல் கணக்கிட்டுச் சொன்ன அளவுகளின் வழிவந்த இன்றைய வெட்டு, டியூப்லைட் வெளிச்சத்தில் பளீரென்று சிதறும். இந்தக் கல்லோ அங்கே சற்று மந்தமாகவே இருக்கும். விளக்கேற்றும் நேரத்தில்தான் பெரிய பெரிய துண்டுகளாக நிறம் காட்டும். ஆறு ஆண்டுக்குப் பின்னும் எனக்கு அலுக்காதது அதுதான். கடைசியில் அத்தை, காகபாதம் (வைரத்தில் காக்கைக் கால் வடிவில் தெரியும் குற்றம்) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, மூன்று இரவு தலையணைக்கடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். வைத்துக்கொண்டேன். கெட்ட கனவு எதுவும் வராததால் பேச்சு அத்துடன் முடிந்தது.

இவ்வளவு பார்த்த நான், கல்லைப் பிடித்திருக்கும் கால்களைப் பார்க்கவில்லை. நூறு ஆண்டில் வைரம் தேய்வதில்லை, அதைப் பிடித்திருக்கும் தங்கம் தேய்கிறது. ஆறு கால்களில் இரண்டின் நுனி கல்லின் ஓரத்தோடு ஓரமாக வழித்ததுபோல் ஆகியிருந்ததை, பத்து மடங்கு லென்ஸில் ஒரு நிமிடம் பார்த்திருந்தாலே கண்டுபிடித்திருக்கலாம். இரண்டாம் ஆண்டில் பட்டுச் சேலையின் சரிகை இழை அடிக்கடி மாட்டத் தொடங்கியது. ஒரு நாள் மோதிரத்தைக் காதருகே பிடித்து விரலால் தட்டியபோது ‘டிக் டிக்’ என்ற மெல்லிய ஓசை கேட்டது. கல் ஆடுகிறது என்று பொருள்.

அவசரத்தில் வீட்டிற்கு அருகிலிருந்த ஒரு பெரிய கடையில் கொடுத்தது என் தவறு. கால்களை நெருக்கிவிட்டார்கள், கேட்காமலேயே பாலிஷ் சக்கரத்திலும் கொடுத்து எடுத்துவிட்டார்கள். வளையத்தின் தோள்பகுதியில் இருந்த நுண்ணிய இலைச் செதுக்கல் பாதி மழுங்கியது, உள்ளே .625 என்பதில் கடைசி எண் இப்போது தடவினால்தான் தெரிகிறது. புதிய நகைக்கு நன்மையான மெருகு பழைய நகைக்குச் சேதம் என்பதை அங்கிருந்தவருக்கு விளக்கப் பார்த்தேன். அவர் இலவசமாகத்தானே செய்தோம் என்றார்.

நெருக்கிய கால் எட்டு மாதம்கூடத் தாங்கவில்லை. பிறகு மயிலாப்பூரில் ஓர் ஆசாரியிடம் சென்றோம். அவர் முதலில் கேட்டது, “மெருகு வேணுமா, வேண்டாமாம்மா?” என்பதுதான். தேய்ந்த இரண்டு கால்களின் நுனியிலும் தங்கம் சேர்த்து உயர்த்தித் தந்தார். நிறம் மாறாமல் இருக்க அதே தரத் தங்கத்தைத் தனியாக உருக்கிச் சேர்த்ததால் நான்கு நாள் ஆயிற்று. வளையத்தில் முன்பு யாரோ அளவு மாற்றிப் பற்றாசு (ஒட்டவைக்கும் உலோகம்) வைத்த இடத்தையும் அவர்தான் காட்டினார். வெண்மையான ஒரு கோடு, ஆறு மாதமாக நான் கீறல் என்று எண்ணியிருந்தது.

தூய்மை விஷயத்தில் சென்னைத் தண்ணீர் தன் வேலையைச் செய்கிறது. ஆழ்குழாய் நீரில் கை கழுவக் கழுவக் கல்லின் அடியில் வெள்ளைப் படிவம் சேர்கிறது. 2020-இல் நாளுக்கு இருபது முறை சோப்புப் போட்டுக் கழுவிய காலத்தில் கல் கண்ணாடித் துண்டுபோல் ஆகிவிட்டது. பூந்திக்கொட்டை ஊறிய வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் வைத்து, குழந்தைப் பல்துலக்கியால் அடிப்பக்கத்தை மெல்லத் தேய்த்தால் மீண்டுவிடும். இது அடிப்பக்கம் திறந்த கட்டுக்கு மட்டுமே பொருந்தும். பாட்டி காலத்துத் தோடுகள் போல அடி மூடிய கட்டில் நீர் புகுந்தால் கல் நிரந்தரமாக மங்கும். வடைக்கு மாவு பிசையும் நாளிலும், தலைக்கு எண்ணெய் தேய்க்கும் நாளிலும் மோதிரம் பூஜை அறையில் இருக்கும்.

சிவப்போ நீலமோ பதித்த பழைய மோதிரத்தை விரும்புவோர் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னுய் தம் செயற்கைக் கெம்பு முறையை 1902-இல் வெளியிட்டுவிட்டார். மோதிரம் உண்மையிலேயே பழையதாக இருந்தும் கல் ஆலையில் உருவானதாக இருக்கலாம்.

சென்ற ஆண்டு, விற்கும் எண்ணமின்றி, மதிப்பை மட்டும் ஓரிடத்தில் கேட்டுப் பார்த்தோம். தங்கத்திற்கு 62.5 விழுக்காடு கணக்கிட்டார்கள். கல் பழைய வெட்டு, மறுபடி தீட்டினால் எடை குறையும் என்று சொல்லி நாங்கள் கொடுத்ததில் பாதிக்கும் கீழே நின்றார்கள். முதலீடு என்று எண்ணி இதை வாங்கக்கூடாது. வெளிநாட்டில் குடியேறப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: நூறு ஆண்டு கடந்த கலைப்பொருள்களை நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது, வயது குறித்த ஐயம் இருந்தால் முன்னதாகத் தொல்லியல் துறையிடம் சான்று கேட்பதே முறை.

போன வாரம் லென்ஸில் பார்த்தபோது மூன்றாவது காலின் நுனியும் தட்டையாகத் தொடங்கியிருந்தது. தை பிறந்ததும் மயிலாப்பூருக்கு எடுத்துச் செல்ல வேண்டும். அதுவரை பட்டுச் சேலை கட்டும் நாளில் மோதிரம் அலமாரியிலேயே இருக்கும்.