போலார் எச்10 மார்புப் பட்டை: மெதுவாக ஓடக் கற்றுக்கொடுத்தது

ட்ரையத்லான் பயிற்சி தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. குறி ஸ்பிரின்ட் தூரம்தான்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். முதல் நாலு மாதம் நான் செய்த எல்லாப் பயிற்சியும் ஒரே ரகம், நன்றாக மூச்சு வாங்கும், ஆனால் முழு வேகமும் இல்லை. வாரத்தில் ஆறு நாளும் அப்படியே. வியாழக்கிழமை வந்தால் மாடிப்படி ஏறும்போதே தொடை கனக்கும், இன்டர்வல் (வேகமாக ஓடி, இளைப்பாறி, மறுபடி ஓடும் பயிற்சி) ஓட வேண்டிய அன்று கால் வராது.

மூத்தவர்கள் "ஈசி ரன்னை ஈசியா ஓடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எது ஈசி என்பதில்தான் குழப்பம். அப்போது கட்டியிருந்த வாட்ச் உதவவில்லை. ஒருநாள் பெசன்ட் நகரில் பக்கத்தில் ஓடுபவரோடு பேசிக்கொண்டே போகிறேன், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 172 என்று காட்டுகிறது, அடுத்த திரையில் காலடி எண்ணிக்கையும் நிமிடத்துக்கு 172! மணிக்கட்டில் ஒளி அடித்து ரத்த ஓட்டத்தைப் படிக்கும் சென்சார்கள் இப்படிக் கால் வைக்கும் தாளத்தைத் துடிப்பு என்று எடுத்துக்கொள்வது உண்டு.

அதனால்தான் துடிப்பை அளக்கும் இந்த மார்புப் பட்டையை வாங்கினேன். அது இதயத்தின் மின் துடிப்பை நேராகப் பிடிக்கிறது, அதனால் அந்தக் குழப்பம் இல்லை. இன்டர்வலில் துடிப்பு ஏறுவதையும் இறங்குவதையும் உடனுக்குடன் காட்டுகிறது. கட்டும் முன் உட்பக்கத்தைத் தண்ணீரில் நனைக்க வேண்டும், காய்ந்த தோலில் முதல் சில நிமிடம் எண் தாறுமாறாக வரும்.

வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, எது ஈசி என்று கண்டுபிடிக்கும் 30 நிமிடச் சோதனை. ட்ரையத்லான் பயிற்சியாளர் ஜோ ஃப்ரீல் சொல்லும் முறை அது: தனியாக, 30 நிமிடமும் தாக்குப்பிடிக்கும் அதிகபட்ச வேகத்தில் ஓடி, கடைசி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்பை எடுப்பது. 220-இல் வயதைக் கழிக்கும் கணக்கை நம்ப வேண்டாம், ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மாறும். எனக்கு 168 வந்தது, அதில் 89 சதவீதம், அதாவது 150-க்குள் இருந்தால் ஈசி. சைக்கிளுக்குத் தனியாகச் சோதிக்க வேண்டும், அதே உழைப்புக்கு அங்கே துடிப்பு குறைவாகத்தான் இருக்கும்.

அப்புறம் 150-க்குள் ஓடிப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 8 நிமிடத்துக்கு மேல் ஆனது. மே மாதப் புழுக்கத்தில் அதே வேகத்தில் போனாலும் 40-ஆவது நிமிடத்தில் 156 வரை ஏறிவிடும், உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குப் போவதாலும் வியர்வையாய் நீர் இறங்குவதாலும் வருவது அது. அந்த இடத்தில் நடந்தேன், தயங்காமல் நடங்கள்.

பட்டை காட்டிக்கொடுத்த இன்னொரு தப்பு பெரியது. நீச்சலில் ஒன்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் (இசிஆர்) ஞாயிறு சைக்கிள் குழுவோடு ஒன்று, ஓட்டத்தில் ஒன்று என்று விளையாட்டுக்கு ஒரு கடினமான நாள் வைத்திருந்தேன். தனித்தனியே பார்த்தால் நியாயம்தான், உடம்புக்கோ ஆறில் மூன்று. உலகத் தரத் தாங்குதிறன் வீரர்களை ஆராய்ந்த ஸ்டீபன் சைலர், அவர்களுடைய பயிற்சிகளில் பத்துக்கு எட்டு மெதுவானவை என்று கண்டார். இப்போது எனக்கு வாரத்தில் ஒரே ஒரு கடின ஓட்டம், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சைக்கிளில் ஒன்று. முட்டுக்காடு தாண்டிக் குழு வேகம் பிடித்தால் பின்தங்கிவிடுகிறேன். பலன் வியாழனில் தெரிகிறது, ஆறு முறை 400 மீட்டர் ஓடினால் ஆறாவதும் முதலாவதின் நேரத்திலேயே முடிகிறது. 150 துடிப்பில் வேகமும் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 20 விநாடிக்கு வந்துவிட்டது.

விலை நல்ல ஓட்டக் காலணி ஒரு ஜோடிக்கு ஆகிற அளவு. பேட்டரி சிஆர்2025 என்ற நாணய வடிவ பேட்டரி, நாமே மாற்றிக்கொள்ளலாம். ஓடி முடித்ததும் சென்சாரைக் கழற்றிவிட்டுப் பட்டையை அலசிக் காயவையுங்கள், மாட்டியே வைத்தால் ஈரத்தில் பேட்டரி வீணாகும்.

நீச்சலுக்காக மட்டும் வாங்க வேண்டாம். ப்ளூடூத் தண்ணீருக்குள் போகாது, வெறும் மார்பில் கட்டினால் எந்தப் பட்டையும் சுவரை உதைத்துக் கிளம்பும்போது இறங்கத்தான் செய்யும். குளத்துச் சுவரில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்து நீந்துங்கள், அங்கே அது போதும்.