மேஸியா, மஹிந்திராவா, ஐஷரா? மூன்றரை ஏக்கருக்கு ஒரு பழைய டிராக்டர்

அது புரட்டாசிப் பட்டம். செவ்வாய் ராத்திரி நல்ல ஒரு உழவு மழை பெய்தது. வியாழன் காலையில் மண்ணை அள்ளிப் பிடித்தால் உருண்டை நிற்கிறது, விரலால் தட்டினால் உதிர்கிறது. அதுதான் பதம். எங்கள் செம்மண்ணில் அது இரண்டு நாள் நிற்கும், மிஞ்சினால் மூன்று நாள். வாடகை வண்டிக்காரருக்குப் போன் போட்டேன். "வர்றேண்ணா, உங்களுக்கு முன்னாடி ஏழு பேரு இருக்காங்க" என்றார். அவர்மேல் குற்றமில்லை. ஊருக்கே ஒரே நாளில்தான் பதம் வருகிறது. எங்கள் காட்டுக்கு வண்டி வந்தது அடுத்த புதன்கிழமை. கலப்பை இறங்கிய இடமெல்லாம் கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. அந்த வருஷம் மக்காச்சோளம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைத்தது.

அதற்குப் பிறகுதான் சொந்த வண்டி என்ற பேச்சே வீட்டில் எழுந்தது. ஒட்டன்சத்திரம் பக்கம் மூன்றரை ஏக்கர் எங்களுக்கு. ஒரு ஏக்கர் தென்னை, ஒன்றே கால் ஏக்கர் முருங்கை, மீதியில் மக்காச்சோளமோ நிலக்கடலையோ. இரண்டு மாடு, கொஞ்சம் ஆடு. இந்த அளவு நிலத்துக்கு எது சரி என்று ஏழெட்டு மாதம் அலைந்து பார்த்ததை, இதே யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. எனக்கு வருஷத்துக்கு 50 மணி நேர டிராக்டர் வேலை இருக்கிறது. உழவு, மண்ணைப் பொடியாக்கும் ரோட்டாவேட்டர், எரு அடிப்பது எல்லாம் சேர்த்துத்தான். வாடகை மணிக்கு 1,200 ரூபாய் என்று வைத்தால் 60,000. சொந்த வண்டியில் மணிக்கு 4 லிட்டர் டீசல், லிட்டர் 92 ரூபாய் என்றால் 18,400. ஆயில், பில்டர் 3,000. பழைய வண்டிக்கு ரிப்பேர் என்று சராசரியாக 15,000 ஒதுக்கியே ஆக வேண்டும். வண்டிக்கும் கலப்பைக்கும் போட்ட இரண்டரை லட்சம் ரூபாய்க்கு 9 சதவீதம் வட்டி 22,500. கூட்டினால் 58,900. இன்சூரன்ஸையும் சேர்த்தால் வாடகையைத் தாண்டிவிடும். ஆக, பணம் மிச்சம் என்று நினைத்து யாரும் பழைய டிராக்டர் வாங்க வேண்டாம். மிச்சமாவது அந்த வியாழக்கிழமைதான். எனக்கு அது ஒரு வெள்ளாமைக்குச் சமம். உங்கள் மண் கரிசலாக இருந்து பதம் இன்னும் நாலு நாள் கூட நிற்குமென்றால் கணக்கு வேறு மாதிரி வரலாம்.

தமிழக அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு விடும் வண்டியை, அரசின் உழவன் செயலியிலேயே பதியலாம். மணிக்கு 500 ரூபாய். இதைவிட மலிவு எங்கும் கிடையாது. கோடை உழவுக்கும் நிலம் திருத்தவும் நான் இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன், அவசரமில்லாத வேலைகள் அவை. மழைக்கு மறுநாள் வேலைக்கு மட்டும் அங்கேயும் வரிசைதான்.

பவர் டில்லரையும் பார்த்தேன். பெங்களூரு வி.எஸ்.டி.யின் 13 எச்.பி. வண்டியும் கேரளத்து காம்கோவும்தான் எங்கள் பக்கம் ஓடுகிறவை. நஞ்சைக்கும் இரண்டு ஏக்கருக்குள் காய்கறி போடுகிறவர்களுக்கும் இதற்கு இணை கிடையாது. முருங்கை வரிசைக்குள் கிளை ஒடியாமல் போய்வரும். ஆனால் காய்ந்த செம்மண்ணில், கல்லும் இருந்தால், பின்னால் நடந்து பிடிக்கிற ஆளின் தோளும் முதுகும் போய்விடும். எனக்கு வயது 51. நாள் முழுக்க அதைப் பிடித்து நடக்க முடியாது என்பதால் விட்டேன். புது மினி டிராக்டர் நல்ல பொருள்தான். அகலம் குறைவு, மரத்துக்கு மரம் சுற்றி வரும். விலைதான் எட்டவில்லை. எனக்குச் சொன்ன விலை நான்கு லட்சத்துக்கும் மேல். கடன் வாங்காமல் முடியாது. நிலம் முழுக்கத் தோப்பு என்றால் மட்டும் கடன் வாங்கியாவது மினி வாங்குங்கள் என்பேன்.

மிச்சம் பழைய பெரிய வண்டி. எந்த வண்டி என்று முடிவு செய்யாமலேயே பழனி ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் மேஸ்திரியிடம் போனேன். முப்பது வருஷமாக டிராக்டர் மட்டுமே பார்க்கிறவர். "எந்த வண்டிண்ணே நல்ல வண்டி?" என்றேன். ஒரு கிளட்ச் பிளேட்டைத் துடைத்துக்கொண்டே, "வண்டிய அப்புறம் பாருங்க தம்பி. மொதல்ல பார்ட்ஸ் கடைக்குப் போய், எந்த வண்டிக்கு எல்லாச் சாமானும் கையில வச்சிருக்கான்னு பாருங்க" என்றார். போய்ப் பார்த்தேன். அலமாரி அலமாரியாக மேஸி 1035 சாமான்தான் இருந்தது. அடுத்தது மஹிந்திரா.

மேஸி 1035 ஏன் அப்படிக் குவிந்து கிடக்கிறது என்றால், அது நம் ஊர் வண்டி. சென்னையில் 1960-ல் தொடங்கிய டாஃபே, மேஸி பெர்குசன் கூட்டில் செய்தது. மூலம் இங்கிலாந்தின் மேஸி 35. என்ஜினும் சென்னை சிம்சன்தான், பெர்கின்ஸ் வழி வந்தது. மூன்று சிலிண்டர், 36 எச்.பி., எடை 1,700 கிலோ அளவு. ஒன்பது கொத்துக் கலப்பையை அலுக்காமல் இழுக்கும், ஐந்தடி ரோட்டாவேட்டரைச் சுற்றும். இதில் எனக்குப் பிடித்தது கலப்பையைத் தூக்கி இறக்கும் லிப்ட். கலப்பை கெட்டித் தரையில் மாட்டினால், கலப்பையை மேல்பக்கம் வண்டியோடு இணைக்கும் டாப் லிங்க் அந்த அழுத்தத்தை உணர்ந்து கலப்பையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும், இளகிய மண் வந்ததும் மறுபடி இறக்கும். ஹாரி பெர்குசன் யோசித்த ஏற்பாடு அது. இன்றைக்கு எல்லாக் கம்பெனியும் செய்கிறது. எங்கள் காட்டின் கிழக்கு மூலையில் சுக்கான் பாறை மேலாக ஓடுகிறது. அந்த இடத்தில் கலப்பை தானாக ஒரு விரல் எழும்பி இறங்குவதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டுவேன்.

குறையும் உண்டு. கியர் ஓட்டத்தில் மாறாது. நிறுத்தித்தான் போட வேண்டும். பவர் இல்லாத ஸ்டீயரிங், முன்பக்கம் எடை ஏறினால் கை வலிக்கும். லிப்ட் பம்பு கியர் பெட்டிக்குள்ளேயே எண்ணெயில் மூழ்கிக் கிடப்பது. இரண்டுக்கும் ஒரே எண்ணெய். முந்தின சொந்தக்காரர் அந்த எண்ணெயை மாற்றாமல் ஓட்டியிருந்தால் கியரும் லிப்டும் சேர்ந்தே தேயும். இன்னொன்று, பழைய 1035-களில் ஒற்றை கிளட்ச் வண்டியும் உண்டு, இரட்டை கிளட்ச் வண்டியும் உண்டு. ஒற்றை என்றால் கிளட்ச் மிதித்ததும், ரோட்டாவேட்டரைச் சுற்றுகிற பின்பக்க ஷாஃப்டான பி.டி.ஓ.வும் நின்றுவிடும். ரோட்டாவேட்டர் ஓட்டுகிறவர்கள் இரட்டை கிளட்ச் வண்டியாகத் தேடுங்கள். விற்கிறவர் தாமாகச் சொல்ல மாட்டார்.

மஹிந்திராவில் எங்களைப் போன்றவர்களுக்குப் பொருத்தம் 265. மூன்று சிலிண்டர், 30 எச்.பி., முன்னோக்கிப் போக எட்டு கியர். 1963-ல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கூட்டில் தொடங்கிய வழி வந்தது. கியர் மேஸியைவிட மெத்தென்று விழும். எட்டு கியர் இருப்பதால் டிரெய்லரோடு ரோட்டில் போகிறவர்களுக்கு இது சுகம். வாரத்துக்கு இரண்டு முறை காய்கறி ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்கு ஓடுகிற வேலை எனக்கு இருந்திருந்தால் 265-தான் வாங்கியிருப்பேன். 575 வேண்டாம். நான்கு சிலிண்டர், 45 எச்.பி. மூன்றரை ஏக்கரில் அது திரும்புவதற்குள் வரப்பு வந்துவிடும், டீசலும் கூட. ஊருக்கு வாடகை ஓட்டி சம்பாதிக்க நினைக்கிறவர்களுக்கு மட்டும் 575.

ஐஷர் 242-ஐப் பற்றி ஊரில் கேலியாகப் பேசுவார்கள், ஒற்றை சிலிண்டர் சத்தத்தை வைத்து. எனக்கு அதன்மேல் நிஜமான மரியாதை. 25 எச்.பி., காற்றால் குளிரும் என்ஜின். ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை, ஹோஸ் வெடிப்பதும் இல்லை. என்ஜினைச் சுற்றியுள்ள தகடுகளில் தூசியும் சக்கையும் அடையாமல் பார்த்துக்கொண்டால் போதும். டீசல் குடிப்பது மிகக் குறைவு. 2005-ல் ஐஷர் டிராக்டர் தொழிலை டாஃபே வாங்கியதால் சாமானும் கிடைக்கிறது. இரண்டரை ஏக்கருக்குள், உழவு மட்டும் போதும், ரோட்டாவேட்டரும் பெரிய டிரெய்லரும் வேண்டாம் என்பவர்களுக்கு மேஸியைவிட இதைத்தான் முதலில் சொல்வேன். அதிர்வு மட்டும் உடம்புக்குத் தெரியும்.

ஃபோர்டு 3600 எஸ்கார்ட்ஸ் செய்த வண்டி. வலு, வேலைத்தரம் எல்லாம் ஒருபடி மேல். சாமான் தேடி அலைய நேரம் உள்ளவர்களுக்கு. எச்.எம்.டி. செக் நாட்டு ஜெட்டர் கூட்டில் 1971 முதல் வந்தது. இரும்பு கெட்டி, விலையும் மற்றதைவிடக் குறைத்துச் சொல்வார்கள். 2016-ல் டிராக்டர் தயாரிப்பே நின்றுவிட்டது. மேஸ்திரி சொன்ன பார்ட்ஸ் கடையில் அதற்கென்று ஒரு தட்டுகூட இல்லை.

வண்டி பார்க்கப் போகும்போது காலையில் சொல்லாமல் போங்கள். நான் பார்த்த ஒரு வண்டிக்குப் புதுப் பெயிண்ட், புது சீட், தரகர் முகத்தில் சிரிப்பு. போனதும் என்ஜின் பிளாக்கில் கை வைத்தேன், சுட்டது. நான் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருக்கிறார்கள். ஆறின வண்டி எப்படிக் கிளம்புகிறது என்பதை மறைக்கத்தான் அது. கூட வந்த மேஸ்திரி ஒன்றும் பேசாமல் வண்டிக்கு அடியில் போய்க் கியர் பெட்டியின் வயிற்றை நகத்தால் சுரண்டினார். பெயிண்ட் உரிந்தது, உள்ளே வெல்டிங் தழும்பு ஒரு சாண் நீளம். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "போலாம் தம்பி" என்றார். அவ்வளவுதான்.

நீங்களே பார்க்கக்கூடியவையும் உண்டு. ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள், எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆறின என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள், குமிழி வந்துகொண்டே இருந்தால் கேஸ்கெட்டோ லைனரோ போயிருக்கிறது. ஓடும்போது ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றினால் குப்குப்பென்று புகை தள்ளுகிறதா? பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, என்ஜின் வேலைக்குத் தனியாகப் பணம் வைக்க வேண்டும். அரை மணி நேரம் ஓட்டி எண்ணெய் சூடான பிறகு கலப்பையைத் தூக்கி நிறுத்தி என்ஜினை அணையுங்கள். பத்து நிமிஷத்தில் கலப்பை தரையைத் தொட்டால் லிப்டில் கசிவு. பின் டயரை மறக்காதீர்கள், ஜோடி மாற்றினால் 40,000 ரூபாயைத் தொடும். அந்தப் பணத்தை விலையில் கழித்துப் பேசுங்கள்.

ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் வண்டியில் அடித்திருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். பைனான்ஸ் பாக்கி இருந்தால் அது தீர்ந்ததற்கான படிவம் 35-ல் பைனான்ஸ்காரர் கையெழுத்து வாங்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. விவசாய டிராக்டருக்குப் பதிவு 15 வருஷம்தான். தாண்டியிருந்தால் புதுப்பிக்கும் செலவு யாருடையது என்பதைப் பேச்சிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

நான் வாங்கியது இரட்டை கிளட்ச் உள்ள ஒரு 1035. ஒரே கையில் இருந்த வண்டி, விலை இரண்டு லட்சத்துக்கு உள்ளே. ஒன்பது கொத்துக் கலப்பையும் பழையதாக வாங்கினேன். ரோட்டாவேட்டர் மட்டும் இன்னும் வாடகைக்கு எடுத்துத்தான் மாட்டுகிறேன். முருங்கைக்குள் இந்த வண்டி போவதில்லை. வரிசை குறுகல், கிளை ஒடிகிறது. அந்த ஒன்றே கால் ஏக்கருக்குப் பக்கத்துக் காட்டுக்காரரின் பவர் டில்லர் வருகிறது, அவர் காட்டுக்கு என் கலப்பை போகிறது. முருங்கைதான் பிரதானம் என்றால் 1035 வாங்க வேண்டாம்.

வாங்கிய அன்று சாயங்காலம் மேஸ்திரி இரண்டு காரியம் செய்தார். இந்தப் பழைய வண்டிகளில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக் மிதி. இரண்டையும் சேர்க்கிற கொக்கி தொலைந்திருந்தது. ஒரு பட்டையை வளைத்து அதைச் செய்து மாட்டி, "ரோட்ல ஏறுனா இது பூட்டியிருக்கணும், இல்லேன்னா ஒரு பக்கம் இழுத்துக் கவுத்துரும்" என்றார். பிறகு பி.டி.ஓ. ஷாஃப்டுக்குப் பிளாஸ்டிக் மூடி. சுற்றுகிற ஷாஃப்டில் வேட்டி முனையோ துண்டோ பட்டால் ஆளையே இழுத்துக்கொள்ளும், கிளட்ச் மிதிக்க நேரம் இருக்காது. கிணற்று மேட்டிலிருந்து இரண்டு கலப்பை அகலம் தள்ளியே திருப்புகிறேன். அந்த இடத்தில் உழாத ஒரு பட்டை தெரிகிறது. அதில் மாட்டுக்குக் கொழுக்கட்டைப் புல் போட்டிருக்கிறோம்.