நெல்லைல இருந்து லண்டன் போக மூணு வழி: திருவனந்தபுரமா, தூத்துக்குடியா, மதுரையா?

தங்கச்சி லண்டன்ல இருக்கா, அதனால எங்க வீட்டுல இந்த மூணு வழியும் பாத்தாச்சு. கேக்கவங்க எல்லாரும் டிக்கெட் வெலயும் ஃபிளைட் நேரமும் மட்டும் தான் பாக்காங்க, நான் சொல்லுதது வீட்டு வாசல்ல இருந்து கணக்கு போடுங்க.

வானத்துல தூரம் பாத்தா திருவனந்தபுரத்துல இருந்து துபாய் வழியா லண்டன் ஹீத்ரோ ஏர்போர்ட்டுக்கு சுமார் 8450 கிலோமீட்டர், தூத்துக்குடி சென்னை ஹீத்ரோ 8760, மதுரை கொழும்பு ஹீத்ரோ 9070. கூடுனதுக்கும் கொறஞ்சதுக்கும் 600 கிலோமீட்டர் தான், ஃபிளைட்டுக்கு அது முக்கால் மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் ரோட்டுலயும் காத்துக் கெடக்கதுலயும் தான் போவுது.

தூத்துக்குடி ஏர்போர்ட் இருக்க வாகைக்குளம் நமக்கு 30 கிலோமீட்டர் தான், 2025 ஜூலைல புது டெர்மினலும் தொறந்தாச்சு, பக்கத்துல இருக்கேன்னு அம்மாவ மொத தடவ அப்படித்தான் அனுப்புனேன். சென்னைக்கு ஒரு டிக்கெட், லண்டனுக்குத் தனி டிக்கெட். உள்நாட்டு ஃபிளைட்டுல 15 கிலோ தான்னு கவுண்டர்ல சொல்லிட்டாவ, அம்மா அங்கயே தரையில உக்காந்து பெட்டியத் தொறந்து உடன்குடி கருப்பட்டியயும் முறுக்கு டப்பாவயும் ஒவ்வொண்ணா எடுத்து என் கையில தந்தாவ, இப்ப நெனச்சாலும் மனசு கேக்கல. சென்னைல பெட்டிய எடுத்து மறுபடி இன்டர்நேஷனல்ல போடணும், ராத்திரி முழுக்க சேர்லயே இருக்கணும், அதுக்குமேல 11 மணி நேரம் பறக்கணும். ஒரே டிக்கெட்டா கெடச்சா மட்டும் இந்த வழிய யோசிங்க.

மதுரைக்கு நாலு வழிச்சாலை, ரெண்டரை மணி நேரம், ஏர்போர்ட் தெக்க இருக்கதால ஊருக்குள்ள நுழையவே வேண்டாம். கொழும்புக்கு ஒரு மணி நேரத்துல போயிரலாம், அங்க போர்டெல்லாம் தமிழ்லயும் இருக்கும், தமிழ் மட்டும் படிக்கத் தெரிஞ்ச பெரியவங்களுக்கு இது எவ்வளவு பெரிய தைரியம்னு கூடப் போனப்பதான் எனக்கே தெரிஞ்சுது. ஆனா அடுத்தது ஒரே மூச்சுல 11 மணி நேரத்துக்கு மேல, கால் வீங்குறவங்களுக்கு அது கஷ்டம்.

திருவனந்தபுரம் ரோட்டுல 150 கிலோமீட்டர், ஆரல்வாய்மொழி வரைக்கும் காத்தாலையப் பாத்துக்கிட்டே சுகமா போயிரலாம், நாகர்கோவில் தாண்டி தக்கலை மார்த்தாண்டம் களியக்காவிளை தான் உயிர வாங்கும், நாலு மணி நேரம் வச்சுக்கோங்க. காரோடுங்கற ஊர்ல இருந்து போற பைபாஸ்ல ஏறிட்டா நேரா ஏர்போர்ட் பக்கத்துல இருக்க ஈஞ்சக்கல். அதுக்கப்புறம் துபாய்க்கு 4 மணி, லண்டனுக்கு 7 மணி சொச்சம், நடுவுல கால நீட்டிக்கலாம், ஒரே டிக்கெட்னா பெட்டி நேரா லண்டன்லதான். எனக்கு இதான் மொத சாய்ஸ், ரெண்டாவது மதுரை.

ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு, அதாவது சாமிய நீராட்டக் கொண்டுபோற ஊர்வலம், திருவனந்தபுரம் ஏர்போர்ட் ரன்வே வழியா தான் கடலுக்குப் போவும், பங்குனிலயும் ஐப்பசிலயும் அந்த ஒரு நாள் சாயங்காலம் அஞ்சு மணி நேரம் ஃபிளைட்டே கெடையாது.

வரும்போது காத்து பின்னால இருந்து தள்ளுறதால எந்த வழின்னாலும் கொஞ்சம் சீக்கிரமாவே வந்துரலாம். அம்மா திரும்பப் போறாவ, திருவனந்தபுரம் தான் போட்டிருக்கேன், வீல்சேர் டிக்கெட் போடும்போதே சொல்லி வச்சாச்சு, கருப்பட்டி இந்தத் தடவ முழுசா போவும்.