வால்டர் மிட்டியின் மனைவி: ஒரு நர்ஸின் வாசிப்பு

அரசு மருத்துவமனையில் 31 வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதில் பாதிக்கு மேல் ஆபரேஷன் தியேட்டரில். மகளின் கல்லூரி ஆங்கிலப் பாடநூலைப் பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டியபோதுதான் இந்தக் கதை கண்ணில் பட்டது. ஜேம்ஸ் தர்பர் எழுதிய ‘வால்டர் மிட்டியின் ரகசிய வாழ்க்கை’. அமெரிக்காவின் ‘நியூ யார்க்கர்’ இதழில் 1939 மார்ச் 18 அன்று வந்தது. சுமார் 2,000 சொற்கள்தான், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பக்க ஓரத்தில் மகள் பென்சிலால் எழுதியிருந்தாள்: “கணவன் பாவம், மனைவி கொடுமைக்காரி.” நான் நாலு தடவை படித்துவிட்டேன். அந்த வரியோடு எனக்கு உடன்பாடில்லை.

கனெக்டிகட் மாநிலத்தில் வாட்டர்பரி என்ற ஊர். மிட்டி மனைவியைக் காரில் கூட்டிப் போகிறார். அவள் முடி அலங்காரம் செய்துகொள்ளும் நேரத்தில் அவர் ஷூவுக்கு மேல் போடும் ரப்பர் உறையும் நாய் பிஸ்கட்டும் வாங்க வேண்டும். வெளியே நடப்பது இவ்வளவுதான். உள்ளே அவர் ஐந்து தடவை வேறு ஆளாகிறார்: புயலில் கடற்படை விமானம் ஓட்டும் தளபதி, பெரிய சர்ஜன், நீதிமன்றக் கூண்டில் நிற்கும் குறிதவறாத துப்பாக்கிக்காரர், குண்டு விமானி, கடைசியில் துப்பாக்கிகளின் முன்னால் நிமிர்ந்து நிற்கும் கைதி.

ஒரு கனவுகூட ஆகாயத்திலிருந்து குதிப்பதில்லை என்பதுதான் கதையின் அழகு. மனைவி டாக்டர் ரென்ஷாவிடம் உடம்பைக் காட்டச் சொல்கிறாள், கையுறை எங்கே என்று கேட்கிறாள். கொஞ்ச தூரத்தில் ஆஸ்பத்திரியைக் கடக்கிறார். உடனே தியேட்டரில் கையுறை மாட்டிக்கொண்டு நிற்கிறார், அதே ரென்ஷா சோர்ந்துபோய் அவரிடம் உதவி கேட்கிறார். பேப்பர் பையன் வழக்குச் செய்தியைக் கூவினால் நீதிமன்றம் எழும்புகிறது. ஹோட்டல் நாற்காலியில் உட்கார்ந்து, ஜெர்மனி வான்வழியாக உலகை வெல்லுமா என்று கேட்கும் பத்திரிகையைப் பிரித்தால் குண்டு விமானம் வருகிறது. நிஜப் போர் தொடங்க அப்போது இன்னும் ஆறு மாதம் இருந்தது.

தியேட்டர் காட்சியை நான் ரசித்து ரசித்துப் படித்தேன். மயக்க மருந்து இயந்திரம் பழுதாகிறது. மிட்டி பழுதான பாகத்தைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் பேனாவைச் செருகி, பத்து நிமிஷம் தாங்கும் என்கிறார். நோயாளிக்கு ‘கோரியாப்சிஸ்’ தொடங்கிவிட்டதாம். அது தோட்டத்தில் பூக்கும் மஞ்சள் பூவின் பெயர்! ஆங்கில அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தப் பகுதியைப் படிக்காதீர்கள். மருத்துவம் தெரியாத மனிதன் மருத்துவக் கனவு கண்டால் வார்த்தைகள் இப்படித்தான் கலங்கி வரும் என்பதை தர்பர் காதால் பிடித்திருக்கிறார். ஆனால் அந்தக் கனவில் முதலில் பேசும் நர்ஸுக்கு ஒரே அடைமொழி, ‘அழகான’. நீதிமன்றக் கனவிலும் அழகான கருங்கூந்தல் பெண் ஒருத்தி அவர் கைகளுக்குள் வந்து விழுகிறாள். ஐந்து கனவிலும் பெண்ணுக்குக் கிடைத்த இடம் இவ்வளவுதான்.

மிட்டியை நோகடித்தது யார்? மனைவி அதட்டுவது உண்மை. 40 மைலுக்கு மேல் எனக்குப் பிடிக்காது என்று தெரியுமே, 55-ல் போகிறீர்களே என்கிறாள். கனவில் மூழ்கியவர் ஓட்டும் காரில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் வேறென்ன சொல்வாள்? அவள் சொல்லி மாட்டிய கையுறையை, அவள் தலை மறைந்ததும் கழற்றிவிடுகிறார். சிக்னலில் போலீஸ்காரர் அதட்டியதும் அவசரமாகத் திரும்ப மாட்டிக்கொள்கிறார். வண்டி நிறுத்துமிடத்தில் தவறான பாதையில் நுழைகிறார், அங்குள்ள பையன் திமிரான லாவகத்தோடு காரை வாங்கிப் பின்னால் எடுக்கிறான். முன்பு ஒருமுறை, பனிக்காகச் சக்கரத்தில் கட்டிய சங்கிலியைக் கழற்றப் போய் அச்சில் சுற்றிக்கொண்டுவிட்டார். பிரித்துவிட வந்த மெக்கானிக் பையன் இளித்தானாம். அடுத்த தடவை வலது கையைக் கட்டுப்போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போவேன், அப்போது இளிக்க மாட்டான்கள் என்று மிட்டி திட்டம் போடுகிறார். இந்த இடத்தில் புத்தகத்தை மடித்து வைத்துவிட்டேன். ஆம்பளை என்றால் வண்டி தெரிந்திருக்க வேண்டும் என்ற அளவுகோலைப் பிடித்திருப்பவர்கள் ஆண்கள். அந்த இளிப்புக்குத்தான் அவர் கனவுகள் பதில் சொல்கின்றன. கனவுகளில் அவர் கைபட்டால் எல்லா இயந்திரமும் அடங்குகிறது, பாருங்கள்.

அதற்காக மனைவிக்கு நான் வக்கீலாகவில்லை. ஹோட்டலில் அவரைத் தேடிப் பிடித்துத் திட்டுகிறாள். “நானும் சில சமயம் யோசித்துக்கொண்டிருப்பேன் என்று உனக்கு எப்போதாவது தோன்றியிருக்கிறதா?” என்று கேட்கிறார். கதை முழுக்க அவர் வாய்விட்டுக் கேட்ட ஒரே உண்மையான கேள்வி அதுதான். வீட்டுக்குப் போனதும் காய்ச்சல் பார்க்கிறேன் என்கிறாள். அவளுக்கு அவர்மேல் அக்கறை இருக்கிறது. அந்த அக்கறைக்குக் காது இல்லை. தெர்மாமீட்டரை நாக்கின் அடியில் வைத்தால் மனிதர் பேச முடியாது. வார்டில் நாற்பது பேர் இருக்கும் ராத்திரிகளில், பேச ஆசைப்பட்ட நோயாளியின் வாயில் நானும் அதை வைத்துவிட்டு நகர்ந்திருக்கிறேன். சில முகங்கள் இப்போதும் நினைவுக்கு வருகின்றன.

தர்பரிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அவளுக்கு ஒரு பெயர்கூட அவர் வைக்கவில்லை, கடைசிவரை மிஸஸ் மிட்டிதான். முடி உலர்த்தும் இயந்திரத்தின் கீழே உட்கார்ந்திருந்த நேரத்தில் அவள் மனம் எங்கே போயிருக்கும்? ஒரு வரி கொடுத்திருக்கலாம்.

1947-லும் 2013-லும் இதைப் படமாக்கியபோது மிட்டியைக் கல்யாணம் ஆகாதவராக மாற்றிவிட்டார்கள். இந்தக் கல்யாணத்தை எடுத்துவிட்டால் மீதி வெறும் சாகசம்தான். கதையைத்தான் படியுங்கள். முடிந்தால் வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள்.

நான் என் வீட்டுக்காரருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தேன். கடைசியில் மனைவி, “ஒண்ணு மறந்துட்டேன், ஒரு நிமிஷம்” என்று மருந்துக்கடைக்குள் போகிறாள். ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. பனித்துகள் கலந்த மழையில் சுவரோரம் சிகரெட்டோடு நிற்கும் மிட்டி, துப்பாக்கிகளைப் பார்க்கத் தொடங்குகிறார். கேட்டு முடித்த இவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

“அந்தம்மா கடைக்குள்ள போயி என்னத்த வாங்குச்சு?”

திரும்பப் புரட்டிப் பார்த்தேன். எழுதவில்லை.