அலுமினியத்தில் தங்க முலாம்: கொப்புளத்தைப் புரட்டிப் பார்த்த எட்டு வருஷம்

முதல் தடவை தங்கம் தோல் தோலாக உரிந்து வந்தபோது நான் சந்தேகப்பட்டது தங்கத் தொட்டியை. கரைசலை வடிகட்டினேன், கரண்டைக் குறைத்தேன், தங்க உப்பு சேர்த்தேன். அடுத்த லாட்டும் உரிந்தது. விலை அதிகமான தொட்டி எதுவோ அதன் மேல்தான் பழியும் முதலில் விழுகிறது. அதற்குப் பிறகு எட்டு வருஷமாக அதே வரிசையில்தான் வேலை செய்கிறேன்: இரட்டை ஜிங்கேட் (இரண்டு முறை துத்தநாகப் படிவு), மேலே எலக்ட்ரோலெஸ் நிக்கல் (கரண்ட் இல்லாமல் படிகிற நிக்கல்), கடைசியில் தங்கம். இதுவரை வந்த கோளாறுகளில் தங்கத் தொட்டியால் வந்தவை ஒரு கை விரலுக்குள் அடங்கும்.

வம்பு பண்ணுவது அலுமினியம்தான். காற்றுப் பட்டதுமே அதன் மேல் சில நானோமீட்டர் தடிப்பில் ஆக்சைடு படிந்துவிடும். அதன் மேல் போடுகிற எந்த முலாமும் தூசி மேல் ஒட்டின ஸ்டிக்கர் மாதிரிதான். ஜிங்கேட் என்பது துத்தநாகம் கரைந்த கடும் காரக் கரைசல். ஆக்சைடைத் தின்றுகொண்டே அந்த இடத்தில் மெல்லிய துத்தநாகத்தைப் படிய வைக்கும். நிக்கல் தொட்டிக்குள் போனதும் அந்தத் துத்தநாகம் கரைந்து, நிக்கல் வந்து உட்காரும். இடம் பிடித்து வைக்கிற துண்டு, அவ்வளவுதான்.

கொப்புளம் வந்தால் இப்போது எந்தத் தொட்டியையும் தொடுவதில்லை. பிளேடு நுனியால் கொப்புளத்தைக் கிழித்து, அந்தத் தோலை டேப்பில் ஒட்டி எடுத்து, புரட்டி லென்ஸில் பார்ப்பேன். மேலே மஞ்சள், அடியில் வெள்ளி நிறம், குழிக்குள் வெறும் அலுமினியம் என்றால் நிக்கலும் சேர்ந்தே கிளம்பியிருக்கிறது. தப்பு ஜிங்கேட்டிலோ அதற்கு முந்திய சுத்தத்திலோ. தோல் இரண்டு பக்கமும் மஞ்சளாக, குழிக்குள் நிக்கல் பளபளவென்று தெரிந்தால் நிக்கலுக்கும் தங்கத்துக்கும் நடுவில்தான் சண்டை. தோலின் அடியில் கரி பூசினது போலக் கறுப்பு இருந்தால் டீஸ்மட் போதவில்லை, அதாவது எட்ச் என்கிற கார அரிப்புக்குப் பிறகு மேலே தங்கும் கறுப்பை அமிலத்தில் எடுக்கிற கட்டம். இந்த ஒரு நிமிஷப் பார்வை, எனக்கு வாரக்கணக்கான அலைச்சலை மிச்சப்படுத்தியிருக்கிறது.

நடுச் சண்டைக்குக் காரணம் பெரும்பாலும் தாமதம். நிக்கலிலிருந்து எடுத்த ரேக்கை (உதிரிகள் மாட்டின சட்டத்தை) ஓரமாக மாட்டிவிட்டு ஒரு போன் பேசி முடிப்பதற்குள் நிக்கல் மேல் மெல்லிய ஆக்சைடு படிந்து செயலிழந்து போகும், தங்கம் ஒட்டாது. பாஸ்பரஸ் அதிகமுள்ள நிக்கல் இதில் இன்னும் மோசம். ஈரம் காயாமல் அமிலத்தில் முக்கி, தங்க ஸ்ட்ரைக் (ஒட்டுவதற்காக முதலில் போடுகிற மிக மெல்லிய பூச்சு) தொட்டிக்குள் கரண்ட் ஓடும்போதே இறக்க வேண்டும். அமிலத்துக்குப் பிறகு நன்றாக அலசியே தீர வேண்டும். அடுத்து இருப்பது சயனைடு தொட்டி. அமிலமும் சயனைடும் சேர்ந்தால் வருவது உயிரை எடுக்கிற வாயு.

கறுப்பு விஷயத்தில் உலோகக் கலவை எது என்று கேட்காமல் வேலை எடுத்துப் பட்டிருக்கிறேன். 6061 என்கிற, சிலிக்கான் குறைவான அலுமினியக் கலவையாக இருந்தால், பாதிக்குப் பாதி நைட்ரிக் அமிலம் எட்ச் கறுப்பை எடுத்துவிடும். டை காஸ்டிங் (உருக்கி அச்சில் வார்த்த உதிரி) அப்படியில்லை. ஏடிசி12 போன்ற வார்ப்புக் கலவைகளில் சிலிக்கான் பத்து சதவீதத்துக்கு மேல்கூட இருக்கும். நைட்ரிக் சிலிக்கானைத் தொடாது. அதற்கு அமோனியம் பைபுளூரைடு சேர்த்தாக வேண்டும். சேர்த்தால் புளூரைடு காயத்துக்கு முதலுதவியான கால்சியம் குளூக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அதில் உண்டாகிற புளூரைடு அமிலம் பட்டவுடன் வலிக்காமல், வேலையை உள்ளே போய்க் காட்டும்.

என்னை அதிகமாக அலைக்கழித்தது வெயில் காலக் கொப்புளம். காலை லாட் சுத்தம், மதிய லாட் கொப்புளம், மறுநாளும் அதே கதை. ஜிங்கேட் தொட்டியில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது: காலையில் 23 டிகிரி, மதியம் 33. சூட்டில் துத்தநாகம் அவசர அவசரமாகப் படிந்து பஞ்சு மாதிரி தடித்துவிடுகிறது. நல்ல படிவு மெல்லிசாக, ஒரே சீரான நீலச் சாம்பல் நிறத்தில் இருக்கும். திட்டுத்திட்டாக மினுக்கினால் அந்த ரேக்கை மேலே கொண்டுபோவதில்லை. இப்போது தொட்டியில் குளிர்நீர்ச் சுருள் ஓடுகிறது. முதல் முக்கு 45 விநாடி, நைட்ரிக்கில் உரித்து, இரண்டாவது முக்கு 20 விநாடி. கூட நேரம் வைத்தால் கூடப் பிடிக்கும் என்று நினைக்கிற உதவியாளர்கள் எனக்கும் வாய்த்திருக்கிறார்கள். அந்த நினைப்பு எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது.

மரை போட்ட, மறுபக்கம் திறக்காத குருட்டுத் துளைகள் வேறு ரகம். பேக்கிங் வரை அழகாக இருக்கும். மறுநாள் துளையைச் சுற்றி மட்டும் கறை, கொப்புளம். உள்ளே தங்கிய கரைசல் மெதுவாகக் கசிகிறது, வேறொன்றுமில்லை. துளை வாய் கீழே பார்க்க உதிரியை ஜிக்கில் (பிடிப்பானில்) மாட்டுவது, ஒவ்வொரு அலசலிலும் தூக்கி வடிப்பது, கடைசியில் வெந்நீர் அல்ட்ராசோனிக் என்று பழகிய பிறகு வெகுவாகக் குறைந்தது.

செம்பு ஸ்ட்ரைக்கின் மேல் நேரே தங்கம் போட்டும் பார்த்திருக்கிறேன். சூடாகும் உதிரியில் சில மாதத்தில் நிறம் செம்மையோடி மங்கியது. செம்பு தங்கத்துக்குள் ஊடுருவி மேலே வந்துவிடும். நடுவில் நிக்கல் இல்லாமல் இனி இல்லை.

வாடிக்கையாளர்களிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தங்கம் 1.27 மைக்ரான் வேண்டும் என்று வரைபடத்தில் கொட்டை எழுத்தில் போடுவார்கள், நிக்கல் தடிப்பைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். ஈரத்தில் வெள்ளைப் பொடி பூத்துத் திரும்பி வருகிற உதிரிகள் பெரும்பாலும் நிக்கல் மெலிந்தவை. அரிபடுவது தங்கமோ நிக்கலோ இல்லை, அடியில் இருக்கும் அலுமினியம்தான். ஒரு நுண்துளை கிடைத்தால் மொத்த அரிப்பும் அந்த ஒரு புள்ளியைக் குடையும். திறந்த வெளியில் பயன்படுகிற உதிரிக்கு 20 மைக்ரான் நிக்கலுக்குக் கீழே நான் இறங்குவதில்லை. நிக்கல் கரைசலையும் அலுமினிய வேலைக்கு ரொம்ப நாள் இழுப்பதில்லை, துத்தநாகம் அதில் சேர்ந்துகொண்டே போகும்.

ஒவ்வொரு லாட்டிலும் ஒன்றை 150 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, அப்படியே தண்ணீரில் போடுகிறேன். சூட்டில் அலுமினியம் விரிகிற அளவுக்கு நிக்கல் விரியாது, கிட்டத்தட்டப் பாதிதான். ஒட்டாத இடம் இருந்தால் அங்கேயே கொப்பளித்துக் காட்டிக்கொடுத்துவிடும். போன மாதம் ஒரு லாட் இதில் விழுந்தது. தோலைப் புரட்டினேன்: அடியில் கறுப்பு. வந்தது காஸ்டிங், ரசீதில் எழுதியிருந்தது 6061.